ஒரு பூ மலர ஐந்து பேர்!

ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டு மேஜை மீது ஒரு மரக்கட்டை கிடக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். நல்ல தேக்கு. முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. மறு பக்கம் பூ வேலை. சில வருஷங்களுக்கு முன் நகரில் நடந்த ஒரு கைவினைப் பொருட்காட்சியில் வாங்கியது. மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் பாரமாக வைப்பது வழக்கம்.

போன கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, அந்தக் கட்டையை ரப்பர் ஸ்டாம்பு மைப்பெட்டியில் தோய்த்துத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஓங்கிக் குத்தினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"தாத்தா, பூ பாதிதான் விழுது. இதழுக்குள்ளேயும் ஒண்ணும் இல்லே. கட்டை ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை, அது அப்படித்தான் என்று சொன்னேன். கட்டையின் ஓரத்தில் நிற்கும் பாதிப் பூவுக்கு மறுபாதி, கட்டையை நகர்த்தி அடுத்த முறை குத்தும்போது வந்து சேரும். இதழுக்குள் சிவப்பு வேண்டுமானால் அதற்கு வேறொரு கட்டை உண்டு. இலைக்கு இன்னொன்று. ஒரே கட்டையை ஒரே முறை குத்தி முழுப் பூவைப் பெற முடியாது.

ஒரே ஆளாலும் முடியாது! அந்தச் சமாசாரத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆயிரம் யென் நோட்டு

எங்கள் பக்கத்து வீட்டு நண்பர் கும்பகோணத்துக்காரர். இங்கே உப்பல் சாலையை ஒட்டி இருக்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் ஒன்றில் ரசாயன விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹப்சிகுடா, தார்நாகா பக்கங்களில் காய்கறிக் கடையில் தமிழ்க் குரல் கேட்பதற்கு அந்த ஆய்வுக் கூடங்களும் ஒரு காரணம் என்பது இந்தப் பகுதி வாசகர்களுக்குத் தெரிந்ததே.

பேத்தி குத்திய பாதிப் பூவை அவரிடம் காட்டினேன். அவர் உள்ளே போய், டோக்கியோவில் வேலை பார்க்கும் மகன் கொண்டு வந்த ஒரு ஜப்பானிய நோட்டை எடுத்து வந்தார். 2024 ஜூலையில் வெளியான புதிய ஆயிரம் யென் நோட்டு. ஒரு பக்கத்தில் கிதாசாதோ என்ற கிருமியியல் நிபுணரின் முகம். மறு பக்கத்தில் வானளாவ எழுந்து, நகங்கள் போல் நுரை விரித்து, படகுகளின் மேல் கவியும் ஒரு பேரலை. தூரத்தில் சின்னஞ்சிறியதாக ஃபியூஜி மலை. உலகத்தில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. காலண்டரில், பனியனில், காப்பிக் கோப்பையில் எல்லாம் வந்துவிட்ட அலை அது.

"வரைந்தது யார் சார்?" என்று கேட்டார்.

"ஹொக்குசாய்" என்றேன்.

"சரி. மரத்தில் வெட்டியது யார்? அச்சடித்தது யார்?"

நான் விழித்தேன். நான் மட்டுமல்ல, அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லப் பெயர் எதுவும் அந்தப் படத்தின் மேல் இல்லை.

அலைக்குப் பின்னால் நால்வர்

ஹொக்குசாய் 1760-ல் பிறந்து 1849-ல் மறைந்தவர். அந்த அலைப் படம் 1831-ஆம் ஆண்டு வாக்கில் வெளியாயிற்று. ஃபியூஜி மலையைப் பல கோணங்களில் காட்டும் ஒரு வரிசையில் அதுவும் ஒன்று. மாளிகைச் சுவரில் மாட்டுவதற்காகத் தீட்டிய ஓவியம் அல்ல அது. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நூற்றுக்கணக்கில் அச்சிட்டுக் கடையில் விற்ற தாள். வியாபாரியும் தச்சனும் சமையற்காரனும் வாங்கிப் போகக்கூடிய விலையில் விற்ற படம்.

அப்படி ஒரு படம் கடைக்கு வர நான்கு பேர் வேண்டும்.

முதலாமவர் பதிப்பாளர். பணம் போடுகிறவர் அவர்தான். எந்தப் படம் விற்கும் என்று கணித்து, ஓவியரை அழைத்து, மரமும் காகிதமும் வாங்கி, அரசாங்கத் தணிக்கை முத்திரை பெற்று, கடையில் வைத்து விற்பதுவரை அவர் பொறுப்பு. ஹொக்குசாயின் ஃபியூஜி வரிசைக்குப் பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி.

இரண்டாமவர் ஓவியர். அவர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோடுகளை மட்டும் வரைந்து தருவார். வர்ணம் தீட்டிய முழு ஓவியத்தைத் தருவதில்லை.

மூன்றாமவர் மரத்தில் செதுக்குபவர். ஓவியர் கொடுத்த தாளை மலைச்செர்ரி மரப் பலகையின் மேல் முகம் குப்புற ஒட்டிவிடுவார். கோடுகள் தாளின் பின்பக்கமாகத் தெரியும். அந்தக் கோட்டின் இரு மருங்கிலும் கத்தியால் கீறி, மற்ற இடங்களையெல்லாம் உளியால் அகற்றிவிடுவார். வேலை முடியும்போது ஓவியர் கையால் வரைந்த தாள் துணுக்குத் துணுக்காகப் போயிருக்கும். மூலப் படம் அழிந்தால்தான் அச்சுப் படம் பிறக்கும்! ஓவியர் எவ்வளவு நம்பிக்கையோடு அந்தத் தாளைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

செதுக்கும் பட்டறையிலும் படிகள் உண்டு. முகத்தையும், நெற்றியோரத்து மயிரிழைகளையும் தலைமைத் தொழிலாளி வெட்டுவார். உடையின் பூவேலை, மரம், வீடு முதலியவை அடுத்த படியில் இருப்பவர்களுக்கு. பயிற்சிக்குச் சேர்ந்த பையன் முகத்தை வெட்டும் நிலைக்கு வர எத்தனையோ வருஷங்கள் ஆகும்.

கோட்டுக் கட்டை தயாரானதும் அதிலிருந்து சில படிகளை எடுத்து ஓவியரிடம் கொடுப்பார்கள். இன்ன இடத்துக்கு இன்ன நிறம் என்று அவர் குறித்துக் கொடுக்க, நிறத்துக்கு ஒரு கட்டையாக வெட்டப்படும். 1765 வாக்கில் ஹரூனொபு என்ற ஓவியரின் படங்களோடு இந்தப் பல வர்ண அச்சு எடோவில் பரவிற்று.

நான்காமவர் அச்சிடுபவர். அவருக்கு யந்திரம் கிடையாது. கட்டையின் மேல் தூரிகையால் சாயத்தைத் தடவி, ஈரப்பதமான தாளைக் கவிழ்த்து, பின்பக்கத்தை ஒரு வட்டத் திண்டால் அழுத்தித் தேய்ப்பார். மூங்கில் மடலைக் கயிறாகத் திரித்து, சுருளாகச் சுற்றி, மேலே மூங்கில் மடலையே போர்த்திய திண்டு அது. பத்து முறைக்கு மேல் ஒரே தாளை அச்சேற்றுவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் நிறம் தன் கோட்டுக்குள்ளேயே விழ வேண்டும். அதற்காகச் செதுக்குபவர் எல்லாக் கட்டைகளிலும் ஒரே இடத்தில் இரண்டு சிறு வெட்டுகளை விட்டுவைப்பார். ஒன்று மூலைக்கு, ஒன்று விளிம்புக்கு. தாளின் மூலையும் விளிம்பும் அதில் பொருந்தினால் நிறம் தப்பாது.

இன்னொரு விஷயம். இந்தப் படங்களில் வானம் மேலே அடர் நீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெளுத்துக்கொண்டே போகும். அந்த வெளுப்பு மரத்தில் வெட்டப்பட்டது அல்ல. கட்டையின் மேல் சாயத்தை ஈரத்தோடு இழுத்து, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக அச்சிடுபவர் தம் கையால் செய்வது. படத்தின் வானம் ஓவியருடையது என்று நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது அச்சிடுபவருடைய வானம்!

சண்டை இல்லாமலும் இல்லை. ஹொக்குசாயே இளம் வயதில் மரம் செதுக்கும் வேலை பழகியவர். ஆகவே அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. தாம் வரையாத இடத்தில் கண்ணுக்குக் கீழிமை சேர்க்க வேண்டாம், மூக்கை வேறோர் ஓவியரின் பாணியில் வெட்ட வேண்டாம் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1834-ல் வெளிவரத் தொடங்கிய அவருடைய 'ஃபியூஜியின் நூறு காட்சிகள்' புத்தகத்தில் எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குபவரின் பெயர் அச்சாகி இருக்கிறது. புத்தகத்தில் அந்த மரியாதை கிடைத்தது. ஒற்றைத் தாளாக விற்ற படங்களில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். மற்ற இருவர் பெயரும் இருப்பது அபூர்வம்.

நம் கைக்கெட்டும் தூரத்தில்

ஜப்பான் இருக்கட்டும். என் மேஜை மீது கிடக்கும் தேக்குக் கட்டைக்கு வருவோம். அது மசூலிப்பட்டினத்துக் கலம்காரிக் கட்டை. ஹைதராபாதிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். செகந்திராபாதில் இரவு ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். 2014-ல் மாநிலம் பிரிந்தபின் அது ஆந்திரப் பிரதேசம், இது தெலங்கானா. ஆனால் உறவு பழையது. ஹைதராபாதை நிர்மாணித்த குதுப் ஷாஹி மன்னர்களின் கோல்கொண்டா ராஜ்யத்துக்குக் கடல் வாசல் மசூலிப்பட்டினம்தான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1611-ல் ஆங்கிலேயர்கள் வந்து பண்டகசாலை போட்டார்கள். அவர்கள் தேடி வந்த சரக்குகளில் முக்கியமானது துணி. 1864 நவம்பர் 1-ஆம் தேதி அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். துறைமுகத்தின் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. சாயத் தொழில் மட்டும் உயிர் பிழைத்து நின்றது.

கலம்காரியில் இரண்டு வகை என்பதை வாசகர்கள் மறந்துவிடக்கூடாது. நம் தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் மூங்கில் எழுதுகோலால் துணியில் புராணக் கதைகளை வரைவார்கள். 'கலம்' என்றால் பாரசீக மொழியில் எழுதுகோல். மசூலிப்பட்டினத்திலோ பெரும்பாலும் மரக்கட்டை அச்சு; கொடி, பூ, மாங்காய், மயில் முதலிய பாரசீகச் சாயல் கொண்ட வேலைப்பாடு. இரண்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. மசூலிப்பட்டினத்துக்கு அருகே, சுமார் பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் பெடனாதான் இன்று இந்தக் கட்டை அச்சுக்கும், கட்டை செதுக்கும் தொழிலுக்கும் பேர்போன ஊர்.

இங்கேயும் கணக்கெடுத்துப் பாருங்கள். பட்டறை நடத்திப் பணம் போடுபவர் ஒருவர், வடிவம் வரைபவர் ஒருவர், தேக்கில் செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர். ஜப்பானில் நான்கோடு முடிந்த வரிசை இங்கே ஐந்தாவதாக ஒருவரைக் கேட்கிறது. அவர் துணியைத் துவைத்து, சாயத்தில் கொதிக்க வைத்து, வெயிலில் விரித்து எடுப்பவர். அவர் இல்லாவிட்டால் மற்ற நால்வர் செய்ததும் கண்ணுக்கே தெரியாது.

டம்ளரில் ஒரு சோதனை

ஏன் தெரியாது? நண்பர் இதைத் தம் வீட்டு மொட்டை மாடியில் எனக்கும் பேத்திக்கும் செய்தே காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி வெந்நீரில் கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துக் காய வைக்க வேண்டும். துணி இளமஞ்சளாகும். இரும்பு ஆணிகளைக் காடியில் சில நாள் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஒரு குச்சியால் தொட்டு மஞ்சள் துணியில் கோடு போடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கறுக்கும்! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்து எழுது மையின் ரகசியமும் இதுவே.

பெடனாவில் அந்த இரும்புச் சாறு துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் புளிக்க வைத்து எடுப்பது. அதில் பிசின் சேர்த்துக் குழம்பாக்கி, கோட்டுக் கட்டையால் கறுப்பு வரியை அச்சிடுகிறார்கள். அடுத்து சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை வேறொரு கட்டையால் பதிக்கிறார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. தான் எங்கே குத்தினோம் என்று அச்சிடுபவருக்குத் தெரிவதற்காக, துவைத்தால் போய்விடும் ஒரு சாயத்தை அதில் கொஞ்சம் கலந்துகொள்வார். ஆக, அவர் அச்சிடுவது சிவப்பை அல்ல. சிவப்பு வந்து உட்காரப்போகும் இடத்தை மட்டுமே.

பிறகு துணி வாய்க்காலுக்குப் போகிறது. அதிகப்படியான படிகாரமும் பிசினும் போக, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். தேங்கிய தண்ணீரில் அலசினால், கரைந்து வந்த படிகாரம் பக்கத்து வெள்ளையில் படிந்து, சாயத்தில் போட்டதும் அங்கேயும் சிவப்புத் திட்டு ஏறிவிடும். அலசிய துணியைச் சாயக் கொப்பரையில் கொதிக்க வைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கிறது. அந்தக் காலத்தில் இதற்குச் சோழமண்டலக் கரையோரம் தோண்டி எடுத்த சாயவேர் பயன்பட்டது. அந்த வேரில் உள்ள அலிசரின் என்ற பொருளை 1868-ல் ஜெர்மானிய ரசாயனிகள் இருவர் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். வேர் தோண்டியவர்களின் பிழைப்பு அதோடு தேய்ந்தது.

கொதித்த துணியைப் புல்வெளியில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெயிலில் வெளுப்பார்கள். கஞ்சி போட்டு, மறுபடி மஞ்சள், பச்சை என்று அடுத்த சுற்றுக் கட்டைகள். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூவும் மாதுளைத் தோலும், நீலத்துக்கு அவுரி. ஒரு படுக்கை விரிப்பு இத்தனை கை மாறித்தான் நம் கட்டிலுக்கு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செதுக்குபவரின் கோடு ஒரு நூல் பிசகினால் அச்சிடுபவர் எவ்வளவு கவனமாகக் குத்தினாலும் நிறம் கோட்டைத் தாண்டும். எல்லாக் கட்டைகளும் சரியாக அமைந்தாலும், படிகாரத்தில் பதம் தவறினால் சிவப்பு மங்கும். எல்லாம் சரியாக இருந்தும், வாய்க்காலில் நிற்பவர் அவசரப்பட்டால் பத்து நாள் உழைப்பு பாழ். தவறு செய்பவர் ஒருவர். அது வெளிப்படுவது இன்னொருவர் கையில். ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவரை நினைத்தே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஜப்பானியக் கட்டையில் இரண்டு வெட்டுகள் என்றேன் அல்லவா? நம் கட்டையின் மூலைகளிலும் சிறு சிறு புள்ளிகள் உண்டு. முந்தைய அச்சின் புள்ளி மீது அடுத்த அச்சின் புள்ளியை வைத்தால் பூ இணையும். வாய் திறந்து பேசாமலே செதுக்குபவர் அச்சிடுபவருக்குச் சொல்லும் சேதி அந்தப் புள்ளி.

சாந்தோம் கோடுகள்

ஜப்பானையும் சோழமண்டலக் கரையையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஏதோ வலிந்து செய்யும் ஒப்பீடு என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டு நூறு ஆண்டுகளுக்கு மேல், ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களை மட்டுமே ஜப்பான் வியாபாரத்துக்கு அனுமதித்தது. அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் ஒரு சின்னஞ்சிறு தீவில். அதே டச்சுக்காரர்களுக்கு மசூலிப்பட்டினத்திலும், நம் பழவேற்காட்டிலும், பின்னர் நாகப்பட்டினத்திலும் பண்டகசாலைகள் இருந்தன. இந்தக் கரையின் துணி அவர்கள் கப்பலில் ஜப்பான் போயிற்று. பூ அச்சிட்ட துணிக்கு அங்கே 'சராசா' என்று பெயர். கோடு போட்ட பருத்தித் துணிக்கு என்ன பெயர் தெரியுமா? 'சான்டோமே'! ஆம், சென்னை மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோம்தான். போர்த்துகீசியர்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர் துணியோடு ஒட்டிக்கொண்டு ஜப்பான் வரை போய்விட்டது. பின்னால் ஜப்பானிய நெசவாளர்களே அந்த மாதிரிக் கோட்டுத் துணியை நெய்து, அதே பெயரில் விற்றார்கள். அச்சுப் படங்களை ஆசையாக வாங்கிய எடோ மக்கள் சான்டோமே கோட்டையும் ஆசையாக உடுத்தினார்கள்.

படிகாரமும் இரு இடத்துக்கும் பொது. இங்கே சிவப்பைத் துணியில் பிடித்து வைப்பது படிகாரம். அங்கே காகிதத்தில் மை பரவாமல் இருக்க, வஜ்ஜிரத்தோடு சேர்த்துத் தாளுக்குப் பூசுவதும் படிகாரம்.

மதுரைக்கு வந்த ஓவியர்

கூட்டு வேலை வேண்டாம், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால்? அப்படிக் கிளம்பியவரும் உண்டு; அவர் நம் மதுரைக்கே வந்தார்.

யோஷிதா ஹிரோஷி, 1876-ல் பிறந்தவர். வதனபே என்ற பதிப்பாளரிடம் சில படங்கள் செய்தார். 1923 செப்டம்பரில் டோக்கியோவைச் சுட்டெரித்த பூகம்பத் தீயில் அந்தக் கட்டைகள் எரிந்தன. அதன்பின் 1925-ல் தாமே பட்டறை வைத்தார். செதுக்கவும் அச்சிடவும் தாமே கற்றார். 1930 கடைசியில் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். தாஜ்மகால், சாஞ்சி, அப்போது நிஜாம் ஆட்சியில் ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த அஜந்தா, எல்லோரா, பிறகு மதுரைக் கோயில் எல்லாம் அவர் படங்களாயின. மதுரைக் கோயிலை ஜப்பானிய மர அச்சில் பார்ப்பது நமக்குத் தனி அனுபவம்.

ஆனால் அவராலும் தனியே செய்ய முடிந்ததா? இல்லை. பட்டறையில் செதுக்குபவர்களும் அச்சிடுபவர்களும் அவரோடு இருந்தார்கள். ஒவ்வோர் அச்சையும் தம் கண் முன்னே நடத்தி, திருப்தியானவற்றின் ஓரத்தில் 'தன் கை அச்சு' என்று பொருள்படும் முத்திரையைக் குத்தினார். அவர் ஒழித்தது மற்றவர்களின் கையை அல்ல. தமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான். 1939-ல் இந்த வேலை முறை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். முடிவான உண்மை இதுதான்: நால்வர் செய்வதை ஒருவர் நன்றாகப் புரிந்துகொள்ளலாம், நால்வர் இல்லாமல் செய்வது கடினம்.

மலிவு என்ன செய்கிறது?

இவ்வளவும் பழங்கதை பேச அல்ல. நம் வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டில் 'அசல் கலம்காரி' என்று ஒரு புடவை வாங்கினார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். விலை சகாயம். நண்பர் அதைப் பார்த்துவிட்டு, புடவையைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. கம்ப்யூட்டர் யந்திரத்தில் அச்சிட்ட துணி! பூவும் மாங்காயும் பெடனாவில் யாரோ வரைந்து, யாரோ செதுக்கியவை. அவற்றைப் படம் பிடித்து, ஆயிரக்கணக்கான மீட்டர் ஓட்டிவிட்டார்கள். ஐந்து பேரின் வேலையை ஒரு யந்திரம் செய்தது மட்டுமல்ல. ஐந்து பேரின் பெயரையும் அதுவே எடுத்துக்கொண்டது. பெயர் என்று சொல்ல அந்த ஐவருக்கும் மிஞ்சியிருந்தது 'கலம்காரி' என்ற ஒரு சொல்தான்.

யந்திர அச்சை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஏழை எளியவர்களுக்கு மலிவான துணி வேண்டும். பெடனாவிலேயே கட்டையை விட்டுத் திரை அச்சுக்கும் ரசாயனச் சாயத்துக்கும் போனவர்கள் உண்டு, பிழைப்பு அப்படி. ஆனால் வாங்குகிற நமக்கு எது எது என்று தெரிய வேண்டாமா? சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். கட்டை அச்சில் சாயம் நூலுக்குள் இறங்கியிருப்பதால் பின்பக்கமும் பூ தெளிவாகத் தெரியும். பூவும் பூவும் சேரும் இடத்தைப் பாருங்கள். கையால் குத்திய துணியில் எங்காவது ஒரு மயிரிழை விலகல் இருக்கும். மூலைப் புள்ளியும் சில சமயம் தெரியும். ஒரே அச்சாக, எங்கும் பிசகே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளை, பளீர் வெள்ளையாக இருக்காது. கடுக்காய்ச் சாயல் கொண்ட பழுப்பு வெள்ளையாக இருக்கும். கறுப்பும் சிவப்பும் கண்ணைக் குத்தாமல் அடங்கி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டையா, திரையா, யந்திரமா? பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் தாமாகவே உண்மையைச் சொல்லுவார்.

அசலை வாங்கினால், முதல் சலவையைத் தனியாகப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். அது இன்னும் பல வருஷம் உழைக்கும்.

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது செதுக்குபவரின் நிலை. துணி விற்றால் அச்சிடுபவருக்கு அன்றாடம் வேலை உண்டு. கட்டை அப்படி அல்ல. ஒரு முறை வெட்டினால் பல காலம் ஓடும். புதுக் கட்டை கேட்டு ஆள் வராத நாளில் அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். அதனால் உடனே ஒன்றும் நேராது. பழைய கட்டைகள் இருக்கும், அச்சும் நடக்கும். ஆனால் வருஷம் ஆக ஆகக் கோடு தடிக்கும், மூலை மழுங்கும், புதுப் பூ பிறக்காது. சங்கிலி அறுந்தது எல்லோருக்கும் தெரியும்போது, அதைக் கோக்கத் தெரிந்த கை இருக்காது. ஜப்பானிலும் இதே கவலைதான். டோக்கியோவில் அடாச்சி என்ற ஸ்தாபனம் இளைஞர்களைச் சேர்த்துச் செதுக்கவும் அச்சிடவும் பழக்குகிறது. ஹொக்குசாயின் அலையை இன்றும் புதிதாகச் செர்ரி மரத்தில் வெட்டி அச்சிடுகிறார்கள். அந்த அலை யென் நோட்டு அளவுக்குப் புகழ் பெற்றிருப்பதால் மட்டும் அந்தக் கலை பிழைக்கவில்லை. அதை வெட்டத் தெரிந்த பையன் ஒருவனுக்கு மாதச் சம்பளம் கிடைப்பதால் பிழைக்கிறது.

என் மேஜைக் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. ஊருக்குப் போகுமுன் பேத்தி அதைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஓடி வந்தாள்.

"தாத்தா, நீங்க சொன்னது தப்பு. இங்கே பாருங்க, கொடி அறுந்திருக்கு. கட்டை ரிப்பேர்தான்!"

பார்த்தேன். உண்மைதான். பூவுக்குக் கீழே ஓடும் கொடியில் ஒரு நெல் அளவுக்கு மரம் சிதைந்து போயிருந்தது. அதனால்தான் அது வேலையிலிருந்து விலக்கப்பட்டு, அலங்காரப் பொருளாகி, ஹப்சிகுடாவுக்கு வந்து காகிதத்துக்குப் பாரமாகக் கிடக்கிறது. அதன் இடத்தில் பெடனாவில் வேறொரு கட்டை இப்போது அந்தக் கொடியை அச்சிட்டுக்கொண்டிருக்கலாம். அதை வெட்ட ஒருவர் இருந்திருந்தால்.